மலிவு ஹோஸ்டிங்: பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

மாதம் 79 ரூபாய்க்கு ஹோஸ்டிங் (இணையதளத்தை வைக்க சர்வரில் வாடகை இடம்) என்று விளம்பரம். பணம் கட்டும் பக்கத்தில் நாலாயிரத்துக்கு மேல் காட்டுகிறதே, ஏன்?

அந்த 79 ரூபாய், 48 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டும் கிடைக்கும் விலை. 79-ஐ 48-ஆல் பெருக்கினால் 3,792. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 4,475 ரூபாய். இதுவரைகூடப் பரவாயில்லை. விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் 'புதுப்பிக்கும்போது மாதம் 349' என்பது போல ஒரு வரி இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். மாதம் 349 என்றால் ஜிஎஸ்டியோடு வருடத்துக்கு 4,942 ரூபாய். முதல் நான்கு வருடத்துக்குக் கொடுத்ததைவிட ஐந்தாம் வருடம் ஒன்றுக்கே அதிகம்!

எந்த நிறுவனமானாலும் ஐந்து வருடச் செலவைக் கூட்டி 60-ஆல் வகுத்துப் பாருங்கள். இந்தக் கணக்கில் மாதம் 157 ரூபாய் வருகிறது. ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான். அறிமுக விலை குறைவாக இருக்கும் இடம் பல நேரம் இந்தக் கணக்கில் பின்தங்கிவிடும்.

முன்பின் பழகாத நிறுவனத்தில் எடுத்த எடுப்பில் நான்கு வருடம் கட்டாதீர்கள். மாதக் கட்டணமோ ஒரு வருடமோ போதும். 30 நாளில் பணம் திருப்பித் தருவதாகச் சொன்னால், 'இலவச' டொமைனுக்கான (தளத்தின் முகவரிப் பெயர்) தொகையைக் கழித்துக்கொள்வார்களா என்று விதிமுறையில் பாருங்கள். பெரும்பாலும் கழிப்பார்கள். ஆட்டோ ரின்யூவலையும் நம்பி இருந்துவிட வேண்டாம். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தானியங்கிப் பிடித்தத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி போன்ற உறுதிப்படுத்தல் வேண்டும். அதைத் தவறவிட்டால் பணம் போகாது, தளம் நின்றுபோகும்.

'அன்லிமிடெட்' பிளான்தான் வாங்கினேன். விற்பனை நாளில் '508 ரிசோர்ஸ் லிமிட்' என்று வந்து கடைத் தளமே படுத்துவிட்டது.

அன்லிமிடெட் என்பது வட்டு இடத்துக்கும் டேட்டா பரிமாற்றத்துக்கும் சொல்வது. சிபியு, நினைவகம், ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் எல்லாவற்றுக்கும் எல்லை உண்டு. ஷேர்ட் ஹோஸ்டிங்கில் நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே இயந்திரத்தில் கிடக்கும். ஒன்று மற்றதை நசுக்காமலிருக்க, கிளவுட்லினக்ஸ் போன்ற அமைப்பில் ஒவ்வொரு கணக்குக்கும் வேலி போடுகிறார்கள்.

508 வருவது 'என்ட்ரி ப்ராசஸ்' எல்லையைத் தொட்டால். சர்வரில் பக்கத்தை உருவாக்கும் நிரல்மொழி பிஎச்பி; ஒரே கணத்தில் எத்தனை பிஎச்பி பக்கங்கள் தயாராகலாம் என்பதுதான் அந்த எண். அது 20 என்று வையுங்கள். ஒரு பக்கம் தயாராக 2 விநாடி பிடித்தால் விநாடிக்கு 10 பேருக்குத்தான் பக்கம் கொடுக்க முடியும். அதே பக்கம் 0.2 விநாடியில் முடிந்தால் 100 பேர். எனவே பெரிய பிளானுக்கு ஓடுவதற்கு முன், தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் கேஷ் ப்ளகின் போடுங்கள். சர்வர் மென்பொருள் லைட்ஸ்பீடாக இருந்தால் அதற்கென்றே உள்ள லைட்ஸ்பீடு கேஷ் இலவசம். ஆனால் கூடை, பணம் கட்டும் பக்கம் போன்றவை கேஷில் நிற்காது. அங்கே கூட்டம் வந்தால் ஷேர்ட் ஹோஸ்டிங் தாங்குவது கடினம். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் 'ரிசோர்ஸ் யூசேஜ்' பகுதியைத் திறந்தால் எந்த எல்லை எத்தனை முறை மீறப்பட்டது என்று தெரியும்.

இன்னொரு மறைவான எல்லை ஐநோடு. ஒவ்வொரு கோப்பும், கோப்புறையும், சர்வரில் கிடக்கும் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஓர் ஐநோடு. பெரிய படம் ஒன்றை, தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஏற்றினால் மூலம், சுருக்கிய பிரதி, ஆறு அளவுகள் என எட்டுக் கோப்புகள் உருவாகின்றன. கடை ப்ளகின் இன்னும் சில அளவுகளைச் சேர்க்கும். ஆயிரம் பொருள் படத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் ஐநோடு காலி. ஐநோடு, என்ட்ரி ப்ராசஸ், சிபியு, நினைவகம், வட்டு வேகம் ஆகிய ஐந்துக்கும் எண் என்ன என்று வாங்குவதற்கு முன்பே சாட்டில் கேளுங்கள். இரவு 11 மணிக்குக் கேளுங்கள். பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சர்வர் அமெரிக்காவில் இருந்தால் என்ன நஷ்டம்?

சென்னையிலிருந்து மும்பை சர்வருக்குப் போய்வர ஏறத்தாழ 20, 30 மில்லி விநாடி. அமெரிக்காவுக்கு 200-க்கு மேல். பாதுகாப்பான இணைப்பில் முதல் எழுத்து வருவதற்குள் பொதுவாக மூன்று முறை போய்வர வேண்டும். சர்வர் எவ்வளவு வேகமானாலும் அந்த 600 மில்லி விநாடி தப்பாது. வாசகர்கள் டொராண்டோவிலும் லண்டனிலும்தான் அதிகம் என்றால் கணக்கு தலைகீழ்.

வேகத்தை நீங்களே அளக்கலாம். குரோமில் எஃப்12 அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியில் பக்கத்தை மறுபடி ஏற்றி, முதல் வரியின் 'டைமிங்' பாருங்கள். அதில் சர்வரின் பதிலுக்குக் காத்திருந்த நேரம் தனியாக இருக்கும். பிறகு ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பைத் தளத்தில் போட்டு அதையும் அதேபோல் அளங்கள். அது பட்டென்று வந்து வேர்ட்பிரஸ் பக்கம் மட்டும் இழுத்தால் கோளாறு பிஎச்பியிலோ டேட்டாபேஸிலோ. இரண்டுமே இழுத்தால் தூரமோ நெரிசலோ. காலை, மாலை, இரவு 9 மணி என ஒரு வாரம் அளந்து பாருங்கள்.

எல்லா விமர்சனமும் ஒரே நாலைந்து நிறுவனத்தைத்தான் புகழ்கிறது. நம்பலாமா?

ஒவ்வொரு விற்பனைக்கும் எழுதியவருக்குப் பெரும்பாலும் கமிஷன் உண்டு என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். ஐநோடு எல்லையோ புதுப்பிப்பு விலையோ சொல்லாத விமர்சனத்தை ஒதுக்கிவிடுங்கள். பெயர் வேறானாலும் உடைமை ஒன்றாக இருக்கலாம்: ப்ளூஹோஸ்ட்டும் ஹோஸ்ட்கேட்டரும் நியூஃபோல்ட் டிஜிட்டல் என்ற ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை.

இலவச டொமைன் தருகிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

டொமைனைத் தனியிடத்தில் வாங்குவதே நல்லது. ஹோஸ்டிங் சரியில்லை என்றால் நேம்சர்வரை (டொமைன் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்ற அமைப்பு) மாற்றி ஒரே நாளில் வெளியேறிவிடலாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் உரிமையாளர் பெயரும் மின்னஞ்சலும் உங்களுடையதா, தளம் செய்து கொடுத்தவருடையதா என்று இன்றே பாருங்கள். டாட் காம் டொமைனைப் பதிந்த முதல் 60 நாளில் பொதுவாக வேறு பதிவாளருக்கு (டொமைன் விற்கும் நிறுவனம்) மாற்ற முடியாது. அதன்பின் லாக்கை எடுத்து, இபிபி கோடு (மாற்றத்துக்கான ரகசியக் குறியீடு) வாங்கினால் போதும்.

தினசரி பேக்கப் இருக்கிறது என்கிறார்கள். தனியாக எடுக்கணுமா?

கட்டாயம் எடுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். பல மலிவு பிளான்களின் விதிமுறையில், பேக்கப் ஒரு சலுகைதான், உத்தரவாதம் இல்லை என்று எழுதியே இருக்கும்.

கோப்புகள் வாரம் ஒருமுறை, டேட்டாபேஸ் தினமும். இரண்டும் ஹோஸ்டிங்குக்கு வெளியே. ஜிப் கோப்பைப் பப்ளிக் கோப்புறைக்குள் விட்டுவைக்காதீர்கள். பெயரை ஊகித்து யாராவது இறக்கினால் டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் சேர்ந்தே போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சப்டொமைனில் அந்தப் பேக்கப்பை விரித்துப் பாருங்கள். விரித்துப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்க முடியாது.

புது ஹோஸ்டிங்குக்கு மாறியதும் பழைய தமிழ்ப் பதிவுகள் எல்லாம் குப்பை எழுத்தாகிவிட்டன.

தலையில் கோடு போட்ட 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒரு குறி என மும்மூன்றாகத் தெரிகிறதா? அப்படியானால் தரவு பிழைத்திருக்கிறது. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்; பழைய டேட்டாபேஸ் அதை லத்தீன்1 என்ற ஐரோப்பிய எழுத்து முறை என்று நினைத்துத் தனித்தனி எழுத்தாகக் கொடுத்திருக்கிறது. பழைய சர்வரில் டேட்டாபேஸைக் கோப்பாக எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளைக்கு லத்தீன்1 எழுத்துத்தொகுதி என்று சொல்லி மறுபடி எடுங்கள். அந்தக் கோப்பில் அட்டவணைகளுக்கும் இணைப்புக்கும் லத்தீன்1 என்று அறிவித்திருக்கும் இடங்களை மட்டும் யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, பிறகு ஏற்றுங்கள். வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் ஏற்றிய பிரதியில் எழுத்து அழிந்துவிட்டது. மூலத்திலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும். எப்படியிருந்தாலும், புதுத் தளத்தில் பத்துப் பழைய பதிவுகளையாவது படித்துப் பார்க்கும்வரை பழைய கணக்கை மூடாதீர்கள்.

ஆர்டர் உறுதி மெயில் வாடிக்கையாளரின் ஸ்பேமில் விழுகிறது.

ஒரே ஐபி முகவரியைப் பலர் பகிர்வதால், பக்கத்துத் தளம் குப்பை மெயில் அனுப்பினாலும் உங்கள் மெயிலுக்கு அடி விழும். முதலில் டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்கான பதிவேடு) எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகள் இவை. எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. பிறகு உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி, 'ஷோ ஒரிஜினல்' திறந்து பாருங்கள். மூன்றுக்கும் 'பாஸ்' என்று இருந்தும் ஸ்பேமில் விழுந்தால் அந்த ஐபியை விட்டுவிட்டு, எஸ்எம்டிபி ப்ளகின் வழியாகத் தனி மெயில் சேவையில் அனுப்புங்கள்.