பம்பளிமாஸும் கொழுப்பு மாத்திரையும்

கேள்வி: என் கணவர் ரத்தக் கொழுப்பைக் குறைக்க தினமும் இரவில் அட்டோர்வாஸ்டாடின் மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரையோடு வந்த தாளில் ‘கிரேப்ஃப்ரூட்டைத் தவிர்க்கவும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் கொல்லையில் பம்பளிமாஸ் நிறையக் காய்த்திருக்கிறது. அதற்கும் இது பொருந்துமா? பழத்தைக் காலையிலேயே சாப்பிட்டுவிட்டால் போதாதா?
– ஒரு வாசகி, திருவையாறு

பதில்: பொருந்தும். பம்பளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் மேற்கிந்தியத் தீவுகளில் ஏற்பட்ட கலப்பில் பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட். பூச்சிகளிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் தற்காத்துக்கொள்ள இம்மரங்கள் உருவாக்கும் பெர்காமாட்டின் முதலிய ஃபியூரானோகூமரின்கள் என்னும் வேதிப்பொருள்கள் இரண்டிலும் உண்டு.

நம் குடல் சுவரில் சிஒய்பி3ஏ4 என்னும் நொதி இருக்கிறது. விழுங்கிய மருந்தில் ஒரு பகுதியை ரத்தத்தில் சேரும் முன்பே அது சிதைத்துவிடும். அந்த இழப்பையும் கணக்கிட்டுத்தான் மாத்திரையின் அளவை நிர்ணயிக்கிறார்கள். வாய்க்கால் மதகின் பலகை உடைந்தால் வயலுக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் பாய்வதுபோல, ஃபியூரானோகூமரின் இந்த நொதியைச் செயலிழக்கச் செய்யும்போது மருந்து கூடுதலாக ரத்தத்தில் ஏறுகிறது. கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தைத் தண்ணீருக்குப் பதிலாக கிரேப்ஃப்ரூட் சாற்றுடன் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்ந்த அளவு சராசரியாக மூன்று மடங்கை நெருங்கியது.

காலையில் பழம், இரவில் மாத்திரை என்ற ஏற்பாடு, வருந்தத்தக்க வகையில், பலன் தராது. செயலிழந்த நொதி மீள்வதில்லை; குடல் புதிதாக நொதியை உருவாக்கியாக வேண்டும், அதற்கு ஒன்று முதல் மூன்று நாள்கள்வரை பிடிக்கும்.

அட்டோர்வாஸ்டாடினில் இந்த ஏற்றம் மிதமானதே. எப்போதோ இரண்டு சுளை சாப்பிட்டதற்காக நீங்கள் அஞ்ச வேண்டாம். ஆனால் கொல்லையில் காய்க்கும் பழம் தினமும் தட்டுக்கு வரும் என்பதால்தான் தவிர்க்கச் சொல்கிறேன். இன்னொரு கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாடின் சாப்பிடுபவர்கள் அறவே தொடக் கூடாது. மருந்து மிகுந்தால் தசை சிதைந்து சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் என்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கும் இதே கண்டிப்பு உண்டு. பம்பளிமாஸ் சாறு சைக்ளோஸ்போரினின் அளவைக் கூட்டுவதை 2006இல் மனிதர்களிடமே சோதித்து உறுதி செய்திருக்கிறார்கள்.

பழத்துக்காக மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ரோசுவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை இந்த நொதியைப் பெரிதும் சார்ந்திராதது; கணவருக்குப் பழத்தின் மீது அவ்வளவு ஆசையென்றால், அதற்கு மாறலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். சாத்துக்குடியையும் கமலா ஆரஞ்சையும் இந்தக் காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டியதில்லை.