முதுகுவலிக்கு டென்ஸ் கருவி முதல் வாரம் பலன் தந்தது, இப்போது தரவில்லை

தோல் வழியே லேசான மின்துடிப்பு அனுப்பி வலியைக் குறைக்கும் இந்தக் கருவி பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. நாள் முழுக்க ஒரே 100 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 100 துடிப்பு) ஓடவிட்டதாகச் சொல்கிறீர்கள். நரம்பு அதற்குப் பழகிவிட்டிருக்கும். முதுகுவலி திரும்பியது பெரும்பாலும் அதனால்தான்.

ஆனாலும் முதலில் தோலில் ஒட்டும் பேடைப் பாருங்கள். பசை காய்ந்திருந்தால் குறுகுறுப்புக்குப் பதில் சுருக்கென்று குத்தும். புது பேடை முதுகெலும்பின் மேல் வேண்டாம், வலிக்கும் இடத்தின் இருபுறமும் ஒட்டி 30 நிமிடம் மட்டும் வையுங்கள். ஒருநாள் 100, மறுநாள் 4 ஹெர்ட்ஸ். நாலில் தசை துடிக்கும், பயப்படாதீர்கள்.

உண்மையைச் சொன்னால், நாள்பட்ட முதுகுவலிக்கு டென்ஸின் ஆதாரம் பலவீனம்தான். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-இல் இதைத் தர வேண்டாம் என்றே சொன்னது. நடைப்பயிற்சியை விடாதீர்கள்.

பேஸ்மேக்கர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கால் மரத்தாலோ, சிறுநீரை அடக்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனை.