கோண்டு பழங்குடி மக்களின் ஓவியங்களைச் சேகரிப்பாளர்கள் ஏன் தேடித் தேடி வாங்குகிறார்கள்?

முக்கியக் காரணம், ஒவ்வோர் ஓவியருக்கும் ஒரு தனி முத்திரை இருப்பதுதான். மானை வரைந்தால் அதன் உடலை வெறும் வண்ணத்தால் நிரப்ப மாட்டார்கள். ஒருவர் வரிசையாகப் புள்ளி வைப்பார், இன்னொருவர் மீன் செதில் போல வளைவு போடுவார், வேறொருவர் குட்டிக் குட்டிப் பிறைகளாக அடுக்குவார். மானின் கொம்பு அப்படியே மரமாகக் கிளைக்கும், அதில் பறவைகள் உட்கார்ந்திருக்கும். பழகிய கண்ணுக்குப் பெயரைப் பார்க்காமலே யார் கை என்று தெரிந்துவிடும்.

அப்புறம், இதன் வரலாறு. மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டுகள் (கோண்டுகளில் ஒரு பிரிவினர்), பாணா என்ற நரம்பிசைக் கருவியை வாசித்துக் கதை பாடிய மரபினர். அவர்களில் ஒருவரான பதன்கட் கிராமத்து ஜங்கட் சிங் ஷ்யாமின் ஓவியத் திறமையை 1980களின் தொடக்கத்தில் ஓவியர் ஜ. சுவாமிநாதனின் குழு கண்டுகொண்டு, போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்கு அழைத்து வந்தது. (சுவாமிநாதன் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்.) 1989இல் ஜங்கட்டின் ஓவியங்கள் பாரிஸ் வரை போயின. 2001இல் ஜப்பானில் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய அசல் படைப்புகளுக்கு இன்று இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு அந்த இழப்பும் ஒரு காரணம். அவர் வழியில் வந்த பஜ்ஜு ஷ்யாமுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், ஓவியரின் பெயரையும் படத்தில் உள்ள கதையையும் கட்டாயம் கேளுங்கள். அச்சுப் பிரதியா என்று அறிய, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: கையால் வரைந்த கோட்டில் மையின் அடர்த்தி கூடிக் குறையும். முடிந்தால் வரைந்தவரிடமே நேரடியாக வாங்குங்கள், பணம் முழுதாக அவருக்கே போய்ச் சேரும்.