டொமைன் பெயரில் போலி மெயில்: கடலூர், புதுச்சேரி நண்பர்களின் சந்தேகங்கள்

பண்ருட்டி, முந்திரி ஏற்றுமதி: சார், எங்க கம்பெனி மெயில் ஐடியிலிருந்தே துபாய் பார்ட்டிக்குப் போலி இன்வாய்ஸ் போயிருக்கு, பேங்க் அக்கவுண்ட் மட்டும் வேற. பாஸ்வேர்டு போயிடுச்சா?

போயிருக்கணும்னு இல்லைங்க. மெயில் அனுப்பும் முறையான எஸ்எம்டிபி 1982-இல் வந்தது. அனுப்புநர் இடத்தில் யார் பேரை எழுதினாலும் கேள்வி கேட்காது. பார்ட்டியிடம் அந்த மெயிலின் முழு ஹெடரை (மெயிலோடு மறைஞ்சு வரும் அனுப்பிய விவரம்) கேட்டு வாங்குங்க. அதில் ‘ஆதென்டிகேஷன் ரிசல்ட்ஸ்’ வரியில் டிகிம் (அனுப்பும் சர்வர் மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) பாஸ்னு உங்க டொமைன் (ஐடியில் @-க்குப் பின்னால் வரும் பேர்) பேரோடவே இருந்தா, பெரும்பாலும் ஆள் உள்ளே புகுந்துட்டான். உடனே பாஸ்வேர்டை மாத்துங்க, யாருக்காவது தானா ஃபார்வர்டு ஆகுதான்னும் பாருங்க. ஃபெயில்னா வெளியிலிருந்து உங்க பேரைப் போட்டிருக்கான். ஐடியை எழுத்தெழுத்தா ஒப்பிடுங்க. ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ ரெண்டையும் ஒட்டிப் போட்டிருந்தா அது வேற டொமைன். அதுக்கு உங்க டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்கான விவரங்கள் பதிவாகும் இடம்) என்ன செஞ்சாலும் பலனில்லை. எதுவானாலும் பார்ட்டிக்கு முதல்ல போன் போட்டு பணத்தை நிறுத்தச் சொல்லுங்க.

மிஷன் வீதி, கெஸ்ட் ஹவுஸ்: புக்கிங் மெயிலுக்குப் புது சர்வீஸ் எடுத்து, அவங்க தந்த எஸ்பிஎஃப் வரியைச் சேர்த்தோம். அன்னைலேருந்து எல்லாமே ஸ்பேம்!

பழைய வரியும் அப்படியே இருக்குமே அக்கா? எஸ்பிஎஃப்னா, உங்க பேரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதின்னு டிஎன்எஸ்ஸில் எழுதும் வரி. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப்தான். ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது. ரெண்டு சர்வீஸுக்கும் அனுமதி தரும் ‘இன்க்ளூட்’ பகுதிகளையும் ஒரே வரியில் போடுங்க. அந்த வரியைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல் மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது.

மஞ்சக்குப்பம், பள்ளி அலுவலகம்: டிமார்க்கில் எடுத்த எடுப்பிலேயே ரிஜெக்ட் போடலாமா?

வேண்டாம் தம்பி. டிமார்க்னா, எஸ்பிஎஃப், டிகிம் ரெண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்யணும்னு சொல்லும் விதி. ரிஜெக்ட்னா மெயிலைத் திருப்பி அனுப்பிடும். முதல்ல ‘நன்’ (எதுவும் செய்யாதே) போட்டு, ரிப்போர்ட் வர ஒரு மெயில் ஐடி கொடுங்க. ஃபீஸ் ரசீது அனுப்பும் சாஃப்ட்வேர், வெப்சைட் ஃபார்ம்னு நீங்க மறந்துபோனதெல்லாம் அதில் தெரியும். 2014 ஏப்ரலில் யாஹூ திடீர்னு ரிஜெக்ட்டுக்கு மாறினப்போ, மெயிலிங் லிஸ்ட் வழியா வந்த யாஹூ பயனர்களின் நியாயமான மெயிலே ஊரெல்லாம் திரும்பிப் போச்சு. எல்லாத்தையும் சரிபண்ணிட்டு ‘குவாரன்டைன்’ (ஸ்பேமில் போடு), பிறகு ரிஜெக்ட். அதுக்காக வருஷக்கணக்கா ‘நன்’னிலேயே விட்டுடாதீங்க. அது வேடிக்கை பார்க்குமே தவிர எதையும் தடுக்காது.

நெல்லிக்குப்பம்: எஸ்பிஎஃப் பாஸ், டிமார்க் ஃபெயில். எப்படி?

எஸ்பிஎஃப் பார்ப்பது ரிட்டர்ன் பாத்தில் (போய்ச் சேராத மெயில் திரும்பி வரும் ஐடி) இருக்கும் டொமைனை. அங்கே சர்வீஸ்காரர் பேர் இருக்கும். படிக்கிறவருக்குத் தெரியும் ஃப்ரமில் உங்க பேர். ரெண்டும் பொருந்தாததால் டிமார்க் அந்தப் பாஸைக் கணக்கில் எடுக்காது. உங்க டொமைன் பேரிலேயே டிகிம் கையெழுத்து போடச் சொல்லுங்க, போதும்.

முத்தியால்பேட்டை: தினமும் நாப்பது மெயில்தான் அனுப்புறோம். ஜிமெயில் ரூல் எங்களுக்குமா?

2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5000-க்கு மேல் அனுப்புறவங்களுக்குத்தான் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணும் கட்டாயம். உங்களுக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகிம், ஏதாவது ஒண்ணு இருந்தே ஆகணும்.