மே மாசப் பயணம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் மனைவிக்கு போன வருஷம் மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, இப்ப மாத்திரை மட்டும்தான். வெளியூர் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். மகளுக்கு 11 வயசு, மகனுக்கு 7. இந்த மே லீவுல அஞ்சு நாள் கார்ல ஊட்டி, மைசூர், கூர்க் பாத்துட்டு திம்பம் வழியா பண்ணாரியில சாமி கும்பிட்டு திரும்பலாம்னு பிளான். புது கேமரா கூட வாங்கிட்டேன். பிள்ளைங்களுக்கு அம்மாகூட வாழ்நாள் பூரா மறக்காத ஒரு நினைவு வேணும்னு ஆசை. வீட்ல பெரியவங்க இந்த வருஷம் வேண்டாம்ங்கறாங்க. ஊட்டி குளிரும் உயரமும் அவளுக்கு ஒத்துக்குமா?

பெயர் வேண்டாம், நாமக்கல்

அன்புள்ள தம்பி,

பெரியவங்க பேச்சை விடுங்க, டாக்டரே போகலாம்னதுக்கு அப்புறம் அவங்ககிட்ட பஞ்சாயத்து வேண்டாம். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். ஏரோப்ளேன் பறக்கறப்ப உள்ள இருக்கற காத்தழுத்தம் ஏறக்குறைய அந்த உயரத்து அளவுக்குத்தான் இருக்கும், ஆயிரக்கணக்கான பேர் தினம் அதுல உக்காந்து போறாங்க. கீமோவுல ரத்தம் குறைஞ்சிருந்தா நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும், அதனால ஹீமோகுளோபின் ஒரு தடவ பாத்துட்டு டாக்டர்கிட்ட இடத்தோட பேரையும் சொல்லி கேட்டுக்கோங்க. குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கு.

எனக்கு உறுத்தினது வேற. 'வாழ்நாள் பூரா மறக்காத ஒரு நினைவு'ன்னு எழுதியிருக்கீங்களே, இது என்ன பேச்சு தம்பி? அவங்க உங்க பக்கத்துல உயிரோட உக்காந்திருக்காங்க. ஒரு வருஷம் அத்தனை வலியையும் தாங்கிட்டு வெளிய வந்தவங்க. நீங்க கேமரா வாங்கி வச்சுக்கிட்டு அவங்கள நினைவா மாத்தறதுக்கு கிளம்பறீங்க. உங்க பயம் எனக்குப் புரியுது, ராத்திரி அவங்க மூச்சு சீரா வருதான்னு கேட்டுக்கிட்டே படுத்திருப்பீங்க, அதையெல்லாம் நான் குறை சொல்லல. ஆனா பதினோரு வயசுப் பொண்ணுக்கு எல்லாம் புரியும். அப்பா ஏன் அம்மாவையே இத்தனை போட்டோ எடுக்கறார், ஏன் எல்லாத்துக்கும் சரி சரிங்கறார்னு அது யோசிக்கும். யோசிச்சு பயந்துக்கும், உங்ககிட்ட கேக்காது.

எங்கப்பாவுக்கு பைபாஸ் ஆகி அடுத்த மே மாசம் பெரியப்பா ஒரு வேன் பேசினார். கன்னியாகுமரி, திருச்செந்தூர், குற்றாலம்னு அவரே லிஸ்ட் போட்டார், 'தம்பிக்கு எல்லாத்தையும் ஒரு தடவ காட்டிடணும்'னு. எந்த ஊர்ல நின்னாலும் அப்பா, நீங்க போயிட்டு வாங்கடான்னுட்டு வேன்லயே உக்காந்துக்குவார். திருச்செந்தூர்ல கடலைக்கூட பார்க்கிங்லேர்ந்துதான் பாத்தார். பதினஞ்சு பேர் கொண்ட வேன்ல ஒருத்தர் கூட அவர்கிட்ட எதிர்த்துப் பேச மாட்டாங்க, ஆபரேஷன் ஆனதுலேர்ந்தே அப்படித்தான், அவர் என்ன சொன்னாலும் ஆமாம்பாங்க. சத்தம் போட்டே வாழ்ந்த மனுஷன். எதிர்ல ஆள் இல்லாம வாயே மூடிப்போச்சு அவருக்கு.

குற்றாலத்துல மே மாசம் ஏது தண்ணி? தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சு ஜூன்லதான் சீசன். வெறும் பாறையைப் பாத்துட்டு நின்னோம், கையில ஒரு நாள் மிச்சம், சரின்னு கல்லிடைக்குறிச்சியில இருந்த அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தைக்கு யாரும் எதுவும் சொல்லி வைக்கல போல. சாப்பாட்டுல உப்பில்லன்னு அப்பா முனகினதும், 'ஏன் அண்ணே, ஆஸ்பத்திரியில படுத்து எந்திரிச்சும் அந்த நாக்கு அடங்கலையா, உப்பு கிடையாது, சாப்பிடு பேசாம'ன்னாங்க. நாங்க எல்லாரும் உறைஞ்சு போயிட்டோம். அப்பா நிமிந்து பாத்தார், அப்புறம் அவரு ஒண்ணு சொல்ல, அத்தை ஒண்ணு சொல்ல, தாத்தா பிரிச்சுக் குடுத்த வயல்ல வரப்பு எங்க இருந்ததுன்னு பழைய சண்டை வரைக்கும் போச்சு. சாயங்காலம் ரெண்டு பேரும் தாமிரபரணி படித்துறையில தண்ணியில காலை விட்டுக்கிட்டு அதே சண்டையைத் தொடர்ந்தாங்க. வேன் ஊர் திரும்பிடுச்சு, அப்பா வரலைன்னுட்டார். பள்ளிக்கூடம் திறக்கற வரைக்கும் அங்கேயே இருந்துட்டுத்தான் வந்தார்.

நம்ம வீடுகள்ல முன்னாடி கோடை லீவுன்னா இதுதானே தம்பி, ஆச்சி வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ போயி அங்க இருக்கறது. சும்மா இருக்கறது, தூங்கறது, போரடிக்கறது. உடம்பு தேறினவங்கள கொஞ்ச நாள் காத்து மாறிட்டு வரட்டும்னு ஒரு ஊருக்குத்தான் அனுப்புவாங்க, அஞ்சு ஊருக்கு இல்ல. நீங்க போட்டிருக்கற பிளான் நல்லா இருக்கறவனையே படுக்க வச்சிடும். தினம் ஒரு ஹோட்டல், தினம் பெட்டி கட்டறது, அதையும் யார் கட்டப்போறா? ஊட்டியிலேர்ந்து மைசூரே 120 கிலோமீட்டருக்கு மேல, அப்புறம் கூர்க், திரும்பறப்ப திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு, கீமோவுல வாந்தி எடுத்து எடுத்து ஓய்ஞ்ச உடம்பு அது. கீமோ களைப்பு சிலருக்கு மாசக்கணக்குல போகாது, அது சோம்பேறித்தனம் இல்ல, நல்லா தூங்கி எந்திரிச்சாலும் இருக்கும். இதுல கூர்க் யார் கேட்டா? அவங்க கேட்டாங்களான்னு உங்க லெட்டர்ல ஒரு வரி இல்ல.

ஒரே இடம். குன்னூரோ கோத்தகிரியோ, சமையல் செஞ்சு குடுக்கற ஒரு வீடா பாத்து நாலு ராத்திரி எடுங்க. அவங்க பத்து மணிக்கு எந்திரிக்கட்டும். பிள்ளைங்கள நீங்க கூட்டிட்டு போங்க, மேட்டுப்பாளையத்துலேர்ந்து மலை ரயில்ல ஏறாதீங்க, 46 கிலோமீட்டருக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல நெருக்கி உக்காரணும், குன்னூர் ஊட்டி மட்டும் போனா ஒண்ணேகால் மணி நேரம் மாதிரிதான் ஆகும், பசங்களுக்கு அதுவே போதும். அன்னைக்கு அவங்களுக்கு வரணும்னு இருந்தா வருவாங்க, இல்லன்னா கெஞ்சாதீங்க. நீலகிரிக்கு 2024 மே 7லேர்ந்து இ-பாஸ் வேணும், 2025 சீசன்ல வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறுல 8000 வண்டின்னு கணக்கு வச்சாங்க. அப்படியும் மலையில நெரிசல்தான், பாத்ரூம் இல்லாத இடத்துல மணிக்கணக்கா நின்னுடும், அதனால செவ்வா புதன்ல கிளம்புங்க.

அக்குள்ல நெறிக்கட்டி எடுத்திருந்தாங்கன்னா அந்தக் கையில கனமான பை தூக்க வேண்டாம், எங்க போனாலும் பிரஷர் பாக்கறதும் ஊசியும் மறு கையில. ரேடியேஷன் பட்ட தோலுக்கு வெயில் ஆகாது, மலை வெயில் குளிர்ல தெரியாம சுடும், காட்டன் துணியால மூடிக்கச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ வண்டியை நிறுத்தி நடக்கணும், இப்ப சாப்பிடற மாத்திரை டமாக்சிஃபென்னா கால்ல ரத்தம் கட்டற வாய்ப்பு கொஞ்சம் கூட, அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க. மருந்தும் டிஸ்சார்ஜ் சம்மரியும் டிக்கியில போடாம கைப்பையில இருக்கட்டும்.

கேமராவை மக கையில குடுத்துடுங்க. அது ஆட்டுக்குட்டியையும் தம்பி மூக்கையும் எடுக்கட்டும். பையன் ஜன்னல் சீட்டுக்கு அம்மாகூட சண்டை போட்டா நடுவுல போயி 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லடா'ன்னு சொல்லித் தொலைக்காதீங்க, அவங்க பாத்துப்பாங்க, ரெண்டு அடி கூட வைப்பாங்க.

அடுத்த செக்கப் எப்பன்னு நீங்க எழுதல. அது மே மாசத்துல வருதுன்னா தேதியைப் பாத்துக்கோங்க. ஸ்கேனுக்கு முந்தின வாரம் எந்த மலையில உக்காந்தாலும் மனசு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் இருக்கும். ரிசல்ட் வந்ததும் கிளம்புங்க. ஜூன் ஆயிடும்னா ஆகட்டும், பள்ளிக்கூடம் ரெண்டு நாள் லீவு போட்டா ஒண்ணும் ஆகாது.

அன்புடன்,
அக்கா