டெக்ஸா ஸ்கேனில் ஆஸ்டியோபோரோசிஸ் என்று வந்த பிறகும் ரத்தப் பரிசோதனை தேவையா?

அம்மாவுக்கு 74 வயது, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுத் தரும் எண்) மைனஸ் 2.9, எலும்புக்காக வாரம் ஒருமுறை போடும் மாத்திரையை உடனே தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நான் மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள்தான்.

டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியக்கூடிய நிலை என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவு. அந்த எண் எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. வைட்டமின் டி இல்லாமல் எலும்பு மிருதுவாகும் ஆஸ்டியோமலேசியாவிலும், ரத்தத்தில் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும், மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயிலும்கூட இதே எண் வரலாம்.

எனக்குக் கவலை தருவது ஸ்கோர் இல்லை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, இடுப்பும் தொடையும் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். ஆஸ்டியோபோரோசிஸ் பொதுவாக எலும்பு முறியும்வரை வலிக்காது. தொடைத் தசை பலவீனம், இருபக்கமும் சாய்ந்து சாய்ந்து நடப்பது, எலும்பை அழுத்தினால் வலிப்பது எல்லாம் ஆஸ்டியோமலேசியாவில் வருபவை. பினாங்கில் வெயிலுக்கா பஞ்சம் என்பார்கள். மூட்டு வலியால் பிளாட்டை விட்டே இறங்காதவர் மேல் அந்த வெயில் எப்படிப் படும்? வலிப்புக்குப் பல வருடமாக ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்களுக்கும் வைட்டமின் டி குறையும்; அம்மாவின் மருந்துகளை எல்லாம் எடுத்துப் போங்கள்.

கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பிலும் கல்லீரலிலும் உருவாகும் ஒரு நொதி), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெறும் ஆஸ்டியோபோரோசிஸ் என்றால் முதல் மூன்றும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏறி, பாஸ்பேட்டோ கால்சியமோ இறங்கியிருந்தால் ஆஸ்டியோமலேசியாவைச் சந்தேகிக்க வேண்டும். (கல்லீரல் கோளாறிலும் ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏறும், அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.) கால்சியம் ஏறியிருந்தும் பாராதைராய்டு ஹார்மோன் இறங்காமல் இருந்தால் அந்தச் சுரப்பியைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. கால்சியம் குறைவாக இருக்கும்போது அலெண்ட்ரோனேட் மாதிரி வாராந்திர மாத்திரை போட்டால் கால்சியம் இன்னும் இறங்கும். விரல் மரத்துப்போகும், தசை இழுத்துப் பிடிக்கும். சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தாலும் அந்த மாத்திரை ஆகாது. வைட்டமின் டி குறைவால் வந்த ஆஸ்டியோமலேசியா என்றால் வைட்டமின் டி, கால்சியம் கொடுத்தே வலியும் நடையும் சில மாதங்களில் நன்றாகத் தேறும்.

மருத்துவரிடம் போனதும் அம்மாவின் வலியையும் நடையையும் சொல்லுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை அப்புறம் காட்டலாம்.