அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 41, வசிப்பது திருவொற்றியூரில். ஒரு தொழிற்சாலையில் பாய்லர் குழாய்களுக்குக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கயிறு சுற்றும் வேலையை 18 ஆண்டுகள் செய்த என் தந்தை, நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோயால் இறந்தார். காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் சித்தப்பாவுக்குச் சென்ற ஆண்டு கண்ணில் மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய்) என்றார்கள். இது பரம்பரை நோயா? எங்கள் வீட்டுக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ்தான்.

பதில்: தந்தையின் நோயை மட்டும் எழுதியிருந்தீர்களானால், தூசியே காரணம் என்று முடித்திருப்பேன், கல்நார் இழைகள் உடலில் தங்கி, 20 முதல் 40 ஆண்டுகள் கழித்துக்கூட இந்நோயை உண்டாக்கும். தொழிற்சாலைப் பக்கமே போகாத சித்தப்பாவுக்குக் கண்ணில் வந்ததுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

துருக்கியின் கப்படோக்கியா பகுதியில், எரியோனைட் என்ற இழைக் கனிமம் கலந்த கல்லால் வீடு கட்டி வாழ்ந்த கரைன் போன்ற சிற்றூர்களில் மீசோதீலியோமா மிகுதியாக இருந்தது. அதிலும் சில குடும்பங்களில் திரண்டு காணப்பட்டதால், மரபணுவுக்கும் பங்கு இருக்கலாம் என்ற தேடல் தொடங்கியது. விடை கிடைத்தது அமெரிக்கக் குடும்பங்களில்: பிஏபி1 என்ற மரபணுவில் பிறவியிலேயே பிறழ்வு உள்ளவர்களுக்கு மீசோதீலியோமாவும் கண் மெலனோமாவும் வருவது 2011-இல் வெளியானது. தோல் மெலனோமாவும் சிறுநீரகப் புற்றுநோயும் இவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன. செல்லுக்குள் சேதமடைந்த மரபுப் பொருளை (டிஎன்ஏ) சரிசெய்ய உதவும் மரபணு இது. அது பழுதானால் குறைந்த அளவு கல்நாரே போதுமானதாகிவிடலாம் என்பதைச் சுண்டெலி ஆய்வுகள் காட்டின.

பரிசோதனையைச் சித்தப்பாவிடமிருந்து தொடங்குங்கள். நோய் கண்டவரின் இரத்தத்தில் பார்ப்பதே தெளிவான வழி. தந்தையின் கட்டித் திசுவில் மட்டும் இந்தப் பிறழ்வு தென்பட்டால் அது பரம்பரைக்குச் சான்றாகாது, ஏனெனில் கட்டி வளரும்போதும் அது ஏற்படுவதுண்டு. தந்தைக்குப் பிறவிப் பிறழ்வு இருந்திருந்தால், உங்களுக்கு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு. இருப்பது உறுதியானால் ஆண்டுதோறும் கண்ணையும் தோலையும் பரிசோதிப்பது அவசியம். மார்புக்கும் வயிற்றுக்குமான ஸ்கேன்களை மருத்துவர் முடிவு செய்வார்.

கூரை முழுதாக இருக்கும்வரை இழைகள் சிமெண்டில் பிணைந்திருக்கும். துளையிடுவதும் அறுப்பதும் ஆபத்து. புயலில் உடைந்த ஷீட்டை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது அதைவிட மோசம், நம் பக்கத்தில் எல்லோரும் செய்வது அதுதான். நன்றாக நனைத்து, முகக்கவசம் அணிந்து அள்ளுங்கள்.

தந்தையின் வேலை உடைகளைத் துவைத்தவர் உங்கள் தாயாராக இருந்தால், மரபணு எப்படியிருந்தாலும் அவரும் அந்த இழைகளைச் சுவாசித்திருப்பார். அவருக்கு மூச்சுத்திணறலோ விடாத மார்புவலியோ இருந்தால் ஸ்டான்லி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டி, தந்தை செய்த வேலையை முதலிலேயே சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.